கடலிலிருந்து வந்த அலுமாரி
போலந்தின் லொட்ஸ் திரைப்படக் கல்லூரி மாணவராயிருந்த ரோமன் பொலான்ஸ்கி 1958இல் ஆக்கிய 'இரு மனிதரும் ஓர் அலுமாரியும்' என்னும் குறும்படத்தின் தொடக்கக் காட்சி, எதைக் கூறாது விடுவதென்பதை முன்னரே துணிந்த காட்சியாகும். கடலினுள்ளிருந்து இருவர், கண்ணாடி பதித்த அலுமாரியொன்றைச் சுமந்து கரையேறுகின்றனர். அவர் யாவர் என்பதற்கு விடையில்லை; படத்தில் உரையாடலே இல்லை. மாணவர் படங்கள் பலவும், பார்வையாளர் விளங்கிக்கொள்ளாரோ என்னும் அச்சத்தால் முதற்காட்சியிலேயே விளக்கவுரை நிகழ்த்திவிடுகின்றன. (மணிக்கூடு அலற நாயகன் கண்விழிப்பதும் அத்தகையதே.) பொலான்ஸ்கியோ சுமையை மட்டுமே காட்டினார். டிராம் வண்டியும் உணவகமும் அவர்களை ஏற்க மறுக்கையில் காரணம் கூறவேண்டியிருக்கவில்லை. அலுமாரி கண்முன் நிற்கின்றது. நகரத்து வன்முறைக் காட்சிகள் சற்றே உரத்துப் பேசுவது குறையெனலாம். எனினும் ஈற்றில், சிறுவனொருவன் அடுக்கிய மணற்குவியல்களைக் குலைக்காது விலகி நடந்து, அவ்விருவரும் அலுமாரியுடன் மீண்டும் கடலுள் இறங்குகின்றனர்.