‘இதர’ என்ற கட்டத்தில் நான்

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தைக் கலைத்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் கிளம்பினபோது சோபா, கட்டில் எல்லாம் ஒரே வாரத்தில் விற்றுப்போச்சு. மிச்சம் நின்றது புத்தகங்களும் கல்வெட்டுக் குறிப்பு நோட்டுகளும்தான். கண்டெய்னர் பிடிக்கிற அளவுக்கு இல்லை; சூட்கேஸில் அடங்கவும் இல்லை. தபாலில் போட்டால் என்ன என்று விதிகளைப் படிக்க உட்கார்ந்தேன். அதில் வந்த எரிச்சல்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வேகம். 2007 மே வரை அமெரிக்கத் தபாலில் வெளிநாடுகளுக்குக் கப்பல்வழி சேவை இருந்தது. போய்ச் சேர வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும்; கட்டணம் குறைவு. அதை நிறுத்திட்டாங்க. வீடு மாறுகிறவனுக்கு என்ன அவசரம்? அவனிடம் நேரம் இருக்கு, காசுதான் இல்லை. எங்க தொழிலில் எல்லா வேலையையும் உடனடி வரிசையில் தள்ள மாட்டோம். ‘ராத்திரி மெதுவா ஓடட்டும்’ என்று விட ஒரு வரிசை தனியா இருக்கும். தபாலில் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள்.

புத்தகத்துக்கென்று மிஞ்சியது எம்-பேக். ஒரே முகவரிக்குப் போகும் அச்சுப் பிரதிகளைச் சாக்கில் கட்டி அனுப்பும் முறை. சாக்குக்கு 66 பவுண்டு வரை, அதாவது சுமார் 30 கிலோ. 11 பவுண்டுக்குக் கீழே இருந்தாலும் 11 பவுண்டுக்கான காசு. காப்பீடு கிடையாது. முக்கியமா, அது அச்சிட்டவற்றுக்கான வழி. கடையில் மறுபடி வாங்கக்கூடிய புத்தகம் போகும். மறுபடி கிடைக்கவே கிடைக்காத கையெழுத்து நோட்டுக்கு அதில் இடமில்லை.

சரி, நோட்டுகளைப் பார்சலாகவே அனுப்பலாம் என்றால் சிஎன் 23 என்ற சுங்கப் படிவம். உலகத் தபால் ஒன்றியத்தின் பொதுப் படிவம் இது. அனுப்புவது என்ன வகை? பரிசு, ஆவணம், வணிக மாதிரி, விற்பனைப் பொருள், திரும்ப அனுப்புவது, இதர. ‘என் பழைய சாமான், நானும் கூடவே போறேன்’ என்பதற்குக் கட்டமே இல்லை. ‘பரிசுன்னு டிக் பண்ணிடு’ என்றார் நண்பர். எனக்கு நானே பரிசா?

அனுப்புகிறவர் ஒருத்தர், வாங்குகிறவர் வேறொருத்தர் என்ற எண்ணத்தில் போட்ட படிவம் அது. ரெண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவன் ‘இதர’. இந்தியச் சுங்கச் சட்டத்திலும் பயணியின் மூட்டைக்கு ஒரு விதி, தபாலில் வருவதற்கு வேறு விதி. ஒரே நோட்டு, வழி மாறினால் வகை மாறிவிடும்.

கடைசியில் நோட்டுகளைக் கைப்பையில் தூக்கி வந்தேன். புத்தகங்களில் பாதியை அங்கேயே நூலகத்துக்குக் கொடுத்தாச்சு. இப்போ ஒரு கட்டுரைக்கு ஆதாரம் தேடும்போது, அது நான் கொடுத்துவிட்ட புத்தகத்தில் பென்சிலால் எழுதினது என்று ஞாபகம் வருது. புத்தகத்தை மறுபடி வாங்கலாம். பக்க ஓரத்தை எங்கே வாங்குவது?