150 மணிநேரமும் ஒரு படுக்கைப்புண்ணும்

ஒரு செவிலியர் தன் பதிவைப் புதுப்பிக்க 5 வருஷத்தில் 150 மணிநேரம் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும். இது இந்திய நர்சிங் கவுன்சில் போட்ட கணக்கு. வருஷத்துக்கு 30 மணிநேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது வருஷம் முன்னால் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வேலை பார்க்கக் கூடாது என்பது நோக்கம். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி அலகைப் பற்றியது. இங்கே நாம் அளப்பது உட்கார்ந்திருந்த நேரத்தை. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் மாசக்கணக்கில் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களுக்கு இந்த அலகு பொருந்தவே பொருந்தாது.

ஐ.டி.காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆபீஸில் வருஷா வருஷம் கட்டாயப் பயிற்சி வரும். வீடியோ ஓடும், நாம் 'நெக்ஸ்ட்' அமுக்குவோம், கடைசியில் பத்துக் கேள்வி, ஒரு சான்றிதழ். நிர்வாகத்தின் டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. அடுத்த வாரமே யாராவது ஒருத்தர் பாஸ்வேர்டையெல்லாம் ஒரு எக்செல் கோப்பில் போட்டு மெயில் அனுப்புவார். டாஷ்போர்டு அப்பவும் பச்சையாத்தான் இருக்கும்.

சரி, படுக்கைக்கு வருவோம். ஒரே ஒரு உதாரணம் எடுத்துக்கொள்கிறேன்: படுக்கைப்புண்.

தொடர்கல்வி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏனென்றால் ஒரு தலைமுறைக்கு நல்ல பழக்கமாகக் கற்றுக்கொடுத்த விஷயமே இன்று கூடாது என்று ஆகிவிட்டது. ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, முதுகை நன்றாகத் தேய்த்துவிடுவது அன்றைய முறை. ஸ்பிரிட் தோலை வறளவைக்கும். ஏற்கெனவே நசுங்கிப்போன இடத்தைத் தேய்த்தால் உள்ளே சேதம் கூடும். அதனால் சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் அப்படித்தான். அது அழுத்தத்தைப் போக்காது, சுற்றுவட்டத்துக்குத் தள்ளிவிடும். வாட்டர் பெட் வாங்கிப் போட்டாச்சே, இனிமே புரட்ட வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். எந்தப் படுக்கையானாலும் புரட்டித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஒரு மணிநேரம் போதும். அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். புண்ணின் முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. ஒரு சிவப்பு தெரியும். விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. பாடப்புத்தகம் சொல்வது இது. ஆனால் புத்தகப் படங்களில் பெரும்பாலும் இருப்பது வெள்ளைத் தோல். நம்ம ஊர்க் கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். லேசான கருநீலமாகத் தெரியலாம். அப்போது கைதான் கண். பக்கத்து இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ச்சியா, கெட்டியா, கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் பாட்டி முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 45 நிமிஷ ஸ்லைடில் இது வராது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, "இங்க தொட்டுப் பாரு, இப்போ அங்க தொடு" என்று சொன்னால்தான் வரும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கான கூட்டம், பயிலரங்கு போன்றவை நிஜமாகவே வேலையை மாற்றுகின்றனவா என்று 81 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த கோக்ரேன் ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. நடைமுறையில் கிடைத்த முன்னேற்றத்தின் இடைநிலை மதிப்பு சுமார் 6 சதவீதப் புள்ளி. பூஜ்யம் இல்லை, ஆனால் சின்னது. சிக்கலான பழக்கங்களை மாற்ற இந்த வகுப்புகள் மட்டும் போதாது என்றும் அதில் இருந்தது.

மருத்துவமனைக்கும் நீண்டகாலப் பராமரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் இருப்பார், சீனியர் இருப்பார், நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிஃப்டில் ஒரே ஒரு செவிலியர் இருந்தாலே பெரிய விஷயம். அவர் தப்பாகச் செய்தால் திருத்த ஆள் இல்லை. அதே சமயம், அங்கே இருப்பவர்கள் எங்கேயும் போகப் போவதில்லை. போன மாசம் எத்தனை பேருக்குப் புதுசாகப் புண் வந்தது, எத்தனை பேர் விழுந்தார்கள், யாருக்கு எடை குறைந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதினாலே போதும். பயிற்சி வேலை செய்ததா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். "அளக்க முடியாது சார்" என்ற சாக்கு வேறு எங்கே செல்லுபடியானாலும் இங்கே ஆகாது.

அமெரிக்காவில் 1987இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. அங்கே உதவியாளர்களுக்கே குறைந்தது 75 மணிநேர ஆரம்பப் பயிற்சி, பிறகு வருஷத்துக்கு 12 மணிநேரம். அங்கேயும் மணிக்கணக்குதான். ஆனால் அந்த 12 மணிநேரத்தில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை, அந்த ஆளின் வேலையை மதிப்பிட்டபோது தெரிந்த பலவீனத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று விதி. அமெரிக்க நர்சிங் ஹோம்கள் சொர்க்கம் இல்லை, ஊழல் செய்திகள் ஏராளம். இருந்தாலும் பாடம் படுக்கையிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற வரிசை சரியானது.

நம்ம கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நான் இருக்கும் அசோக் நகரில் 'ஹோம் நர்ஸ் கிடைக்கும்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் போன் செய்தால், பெரும்பாலும் வருபவர் பதிவு பெற்ற செவிலியர் இல்லை. வேலை பார்க்கப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு அக்காவாக இருப்பார். ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தாவைப் புரட்டப்போவது அந்த அக்காதான். 150 மணிநேர விதி அவரைத் தொடவே தொடாது. அப்படியென்றால் நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் செவிலியரின் தொடர்கல்வியில் முதல் பாடம், அந்த அக்காவுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதாக இருக்க வேண்டும்.

சென்னை இதில் பின்தங்கிய ஊரே இல்லை. அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்தை டாக்டர் வி. எஸ். நடராசன் 1978இல் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் அதற்கு எம்.டி. படிப்பே வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தாயிற்று, இங்கிருந்து பக்கம்தான். செவிலியர்களுக்கு முதியோர் பராமரிப்பில் ஒரு வருஷ டிப்ளமோவும் உண்டு. ஆனால் ஒரே செவிலியரை வைத்து ஓட்டும் இல்லம் அவரை ஒரு வருஷம் எப்படி அனுப்பும்? பயிற்சிதான் அவரைத் தேடி வர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே போகிறார். நோயாளியைத் தேடிப் போகலாம் என்றால் செவிலியரைத் தேடிப் போவதில் என்ன கஷ்டம்? கிண்டியிலிருந்து அனுபவமுள்ள ஒருவர் மாசம் ஒரு முறை ஓர் இல்லத்துக்குப் போய், படுக்கை படுக்கையாகக் கூட நின்று சொல்லித்தரட்டும். அந்த மணிநேரத்தை 150இல் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. பக் எண்ணிக்கையை அப்ரைசலில் சேர்த்தால் யாரும் பக் பதிவு செய்ய மாட்டார்கள். புண் எண்ணிக்கையும் அப்படித்தான். அதை வைத்துச் செவிலியரின் சம்பளத்தில் கைவைத்தால் நோட்டில் எல்லா மாசமும் பூஜ்யம்தான் இருக்கும். அந்த எண் அடுத்த மாசப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க மட்டுமே.

விதி மாற நாளாகும். அதுவரை அப்பா அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள், சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக இங்கே யாருக்குப் படுக்கைப்புண் வந்தது? அதற்கப்புறம் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்? முதல் கேள்விக்கு "இங்க அப்படியெல்லாம் வந்ததே இல்லைங்க" என்று பதில் வந்தால், இன்னும் ஒரு இல்லத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.