இன்ஜின் பிறந்த தேதியைப் படிப்பது எப்படி?

1969 செவர்லே கமாரோ இசட்28-இன் பானெட்டைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் ஏர் கிளீனர் மீதும் பளபளக்கும் வால்வு கவர்கள் மீதும்தான் போகும். நீங்கள் நேராக இன்ஜினின் பின்பக்கம் பாருங்கள். கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கமாக டார்ச் அடியுங்கள். ஃபயர்வால் நெருக்கும் இடம், தலை நுழையாது. கைப்பேசியை உள்ளே விட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். பிசுக்கைத் துடைத்தால் ‘பி 20 9’ என்பதுபோல ஏதாவது புடைத்துத் தெரியும். அந்த பிளாக் வார்க்கப்பட்ட நாள் அது.

படிக்கும் முறை எளிது. ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து தேதி, கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். ஆக ‘பி 20 9’ என்பது 1969 பிப்ரவரி 20.

இந்த எழுத்துகளை அருகே வைத்துப் பார்ப்பதில்தான் முதல் ரசனை இருக்கிறது. ஃபவுண்டரியில் வார்ப்பு மாதிரியின் மீது சின்ன எண் தகடுகளைப் பொருத்திவைப்பார்கள். தேதி மாற மாற அவையும் மாறும். மாதிரி மணலில் பதியும், மணலில் இரும்பு பாயும். அதனால் எண்ணின் மேற்பரப்பும் அதைச் சுற்றியுள்ள இரும்பின் மேற்பரப்பும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஓர் எண் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், தகட்டைப் பிடித்திருந்த திருகின் தலைகூடப் பதிந்திருக்கலாம். சந்தோஷப்படுங்கள், அது மனிதக் கை பட்ட அடையாளம். எண்ணைச் சுற்றி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால்தான் கவலை. பழைய எண்ணைத் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிவைக்கும் வேலை இந்தத் தொழிலில் உண்டு.

இசட்28-இல் இவ்வளவு சல்லடை எதற்கு? டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இன்ஜின் 5 லிட்டரைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய விதி. செவர்லே 327 இன்ஜினின் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தையும் 283 இன்ஜினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் சேர்த்து 302 கன அங்குல இன்ஜினைச் செய்தது. 1967இல் 602 இசட்28 கார்கள்தான் வந்தன, 1969இல் 20,302. ஆனால் 1969 காரின் சேசிஸ் எண் அது வி8 கமாரோ என்று மட்டும்தான் சொல்லும், இசட்28 என்று சொல்லாது. சாதாரண கமாரோவுக்குப் பட்டைகள் வரைந்து, சின்னம் ஒட்டி விற்க வழி திறந்தே இருக்கிறது. ஆகவே சாட்சி சொல்ல வேண்டியது இன்ஜின்தான்.

அந்தச் சாட்சியத்தின் அடிப்படை நாள்களின் வரிசை. முதலில் வார்ப்பு, பிறகு கடைசல், பிறகு இன்ஜின் கோர்ப்பு, கடைசியில் கார். சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்விளிம்பில், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிறு தட்டைப் பரப்பு உண்டு. அங்கே ‘வி0304டிஇசட்’ என்று குத்தியிருந்தால், வி என்பது ஃபிளின்ட் ஆலை, 0304 என்பது மார்ச் 4, டிஇசட் என்பது அந்த ஆண்டின் 302. ஃபயர்வால் தகட்டில் ‘03சி’ இருந்தால் பாடி மார்ச் மூன்றாம் வாரத்தது. பிப்ரவரி 20, மார்ச் 4, மார்ச் மூன்றாம் வாரம்: வரிசை சரி. வால்வு கவரைக் கழற்றினால் ஹெட்டின் தேதி தெரியும். ஹோலி கார்புரேட்டரில் ‘922’ என்றிருந்தால் 1969, பிப்ரவரி, இரண்டாம் வாரம். இவையும் இன்ஜின் கோர்ப்புக்கு முந்தியே இருக்க வேண்டும். சில வாரங்கள் முந்தியிருப்பது சகஜம். சில பாகங்கள் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததும் உண்டு. ஒரே ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அந்தப் பாகம் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

ஒரு பொறியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வார்ப்புத் தேதியைப் போலவே பிளாக்கில் புடைத்திருக்கும் வார்ப்பு எண், அது எந்த வகை பிளாக் என்று சொல்லும். 1969இன் 302-க்குப் பயன்பட்ட வார்ப்பு எண்களில் ஒன்று 3970010. அதே எண்ணுள்ள பிளாக்கை எழுபதுகளின் கடைசிவரை 350 இன்ஜின்களுக்கும் வார்த்தார்கள். ஆகவே வார்ப்புத் தேதியின் கடைசி ‘9’ 1979ஆகவும் இருக்கலாம். 1969இல் அந்தத் தட்டைப் பரப்பில் குத்திய இன்ஜின் குறியீட்டின் கடைசியில் இரண்டு எழுத்து, 1970 முதல் மூன்று. யாரும் கைவைக்காத பரப்பு என்றால் அதுவே பதில் சொல்லிவிடும்.

கைவைத்திருந்தால்? டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஆலையின் பிரோச் இயந்திரம் அந்தப் பரப்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டிருக்கும். குத்திய எழுத்துகள் அவற்றின் மேல் இருக்கும். கோடுகளே இல்லை அல்லது வளைவளைவாக இருக்கின்றன என்றால் பரப்பைச் சீவியிருக்கிறார்கள். ரிப்பேருக்காகவே சீவியிருக்கலாம். ஆனால் சீவிய பரப்பில் எழுத்துகள் மட்டும் கூர்மையாக நின்றால் அவை பிறகு குத்தியவை.

தேதிகள் பொருந்திவிட்டாலே அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் என்று ஆகிவிடாது. அதே வாரத்தில் வார்த்த வேறொரு பிளாக்கைத் தேடிப்பிடித்து மாட்டியிருக்கலாம். பொருந்தாத தேதி ஒரு பொய்யை உடைக்கும். பொருந்தும் தேதி ஒரு சாத்தியத்தை மட்டுமே தரும். பிளாக்கில் குத்தியுள்ள சேசிஸ் எண்ணின் சுருக்கத்தையும் பார்த்த பிறகே ‘நம்பர் மேட்சிங்’ என்ற பேச்சை எடுங்கள்.

‘சிஇ’ என்று தொடங்கும் குறியீட்டைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். வாரண்டியில் மாற்றிக்கொடுத்த பிளாக் அது. இசட்28-ஐ வாங்கியவர்களில் பலர் பந்தயத்துக்கே வாங்கினார்கள். இன்ஜின் வெடித்தால் டீலர் வேறு பிளாக் போட்டுக்கொடுத்தார். அப்படி வந்த பிளாக், பின்னாளில் தேதி பார்த்து வாங்கி மாட்டிய பிளாக்கைவிட அந்தக் காருக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான கருத்து. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ‘சரியான’ தேதியைத் தேடி அலையாதீர்கள்.