தமிழ் எழுத்தில் ஒளித்த துயரம்

1913ஆம் ஆண்டில் லெனார்ட் வூல்ஃப் தம் மனைவி வர்ஜீனியாவின் நோய் நிலையை நாள்தோறும் நாட்குறிப்பில் பதிந்துவந்தார். எப்படி உறங்கினார், எவ்வளவு உண்டார், மனம் எந்நிலையில் இருந்தது என்பன போன்ற குறிப்புகள். அவற்றைப் பிறர் படித்தறியாதபடி சங்கேத லிபியொன்றில் எழுதினார். அந்த லிபி தமிழ், சிங்கள எழுத்துக்களால் ஆனது. 1905 முதல் யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் ஏகாதிபத்தியத்தின் அதிகாரியாக இருந்தபோது, நம்மை ஆள்வதற்காக அவர் கற்ற எழுத்து அது. ஆட்சிக்காகக் கற்ற எழுத்து, ஆற்றமாட்டாத துயரத்தை ஒளிக்கும் பெட்டியாகவும் பயன்பட்டது!

ஏன் ஒளிக்கவேண்டும்? அவ்வாண்டு செப்டம்பரில் வர்ஜீனியா உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அம்முயற்சி இங்கிலாந்தின் சட்டத்தில் 1961 வரை குற்றம். அங்கிருந்து வந்த சட்டம் இலங்கையில் 1998 வரை நீடித்தது. நோயாளியைக் குற்றவாளியாகக் காணும் சமூகத்தில், பக்கத்தில் இருப்பவன் முதலில் கற்கும் பாடம் மறைப்பதுதான்.

1964இல் வெளிவந்த தம் சுயசரிதையின் மூன்றாம் பாகத்தில் லெனார்ட் அந்நாட்களை மறைவின்றி விவரிக்கிறார். அந்நூலின் பலம் அதன் வறட்சி. தம்மைத் தியாகியாக அவர் சித்திரிக்கவில்லை. பெயர்பெற்ற வைத்தியர்கள் பலரைக் கண்டதையும், அவர்கள் உண்மையில் அறிந்தது மிகச் சொற்பம் என்பதையும் கணக்கெழுதுபவர்போல எழுதுகிறார். நரம்புத் தளர்ச்சி என்று அவர்கள் பெயரிட்டனர். ஓய்வு, பால், இருண்ட அறை. எழுதக்கூடாது, படிக்கக்கூடாது என்று விதித்தனர். சோர்வும் மிகையெழுச்சியும் மாறிமாறி வந்த அந்நோயை இன்றைய மருத்துவர் பலர் இருமுனைக் கோளாறு என்பர்.

கேள்வியொன்று எழுகிறது. பராமரிப்பு எங்கே முடிகிறது, ஆட்சி எங்கே தொடங்குகிறது? எப்போது உறங்குவது, யார் வீட்டுக்கு வரலாம் என்பதையெல்லாம் லெனார்டே நிர்ணயித்தார். குழந்தை பெறலாமா என்பதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாதபோது, வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தார். பெண்ணிய விமர்சகர்கள் இதைக் கடுமையாகச் சாடியிருக்கின்றனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு; கச்சேரி அதிகாரியின் கை வீட்டுக்குள்ளும் நீண்டது. ஆனால் அதே கைதான் 1917இல் சிறிய கையச்சு இயந்திரமொன்றை வாங்கி மனைவியின் முன் வைத்தது. பிற்பகலில் எழுத்துக் கோக்கும் வேலை அவர் மனத்துக்கு ஓய்வளிக்கும் என்று நம்பியது. ஓகார்த் பதிப்பகம் அப்படித்தான் பிறந்தது. வர்ஜீனியாவின் முதல் நாவல் வெளிவந்தது 1915இல். அவர் மறைந்தது 1941 மார்ச்சில். மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்பார் 1913க்கும் 1941க்கும் இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளை எண்ணட்டும். அவருடைய நாவல்கள் அனைத்தும் அந்த ஆண்டுகளுக்குள் அடங்கும்.

இக்கேள்விக்குக் கணவர் தந்ததைவிடக் கூர்மையான பதிலை மனைவியின் நாவலிலே காண்கிறோம். 1925இல் வெளிவந்த 'மிஸஸ் டாலவே'யில் செப்டிமஸ் என்னும் போர்வீரன் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்புகிறான். அவன் மனைவி ரேசியா இத்தாலியப் பெண், தொப்பி செய்பவள். அந்நிய நகரில் அவளுக்கு உற்றார் எவருமில்லை. கணவன் தனக்குத்தானே பேசுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்படுகிறாள்; கோபப்படுகிறாள்; அவன்மீது சலிப்பும் கொள்கிறாள். இந்தச் சலிப்பை எழுதியதுதான் பெரும் நேர்மை. நம் கதைகளில் பணிவிடை செய்யும் மனைவியருக்குச் சலிப்பே வருவதில்லை, பாவம்!

கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு தொப்பியை அலங்கரிக்கிறார்கள். அவன் பழையபடி வேடிக்கை பேசுகிறான், அவள் சிரிக்கிறாள். அவன் கிறுக்கிய காகிதங்களை எரிக்காமல் பட்டுத் துணியால் கட்டிவைக்கிறாள். நம்மைப் பிரிக்க முடியாது என்கிறாள். அப்போது மாடிப்படியில் வைத்தியரின் காலடி ஓசை கேட்கிறது. அவன் உயிர் பிரிகிறது. நோயைவிட, பிரித்துவைக்கும் அதிகாரத்துக்கே அவன் அஞ்சினான் என்பதை வர்ஜீனியா தம் அனுபவத்திலிருந்தே அறிந்திருந்தார்.

இந்நூல்களைத் தலவாக்கலையில் வைத்துப் படிக்கும்போது வேறொரு கணக்கும் புலப்படும். லெனார்ட் சிலகாலம் நான்கு தாதியரை அமர்த்த முடிந்தது. மனைவிக்கென்று தனியறை இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் இருளுவதற்கு அறையேது? சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமலும் கேட்கும். காலையில் எழ முடியாமல் மனைவி சுருண்டு கிடந்தால் சோம்பேறி என்பார்கள். இல்லையேல் கோடாங்கியை அழைப்பார்கள். கணவன் பக்கத்தில் இருந்துவிட்டால் பெரட்டில் இரண்டு பேர் விழாது. நேரங்கழித்துப் போனால் அரைப்பேர். அன்புக்கு இங்கே கூலி வெட்டப்படுகிறது என்பது உருவகமன்று.

தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது அதன் மருந்தையும் முறையையும் கண்டறிய விஞ்ஞானிகள் உழைத்தனர். இலை வாடியதும் அறிந்துகொள்ளும் அந்த ஊரில், இலையைக் கிள்ளுபவள் வாடியதை அறிவதற்கு அவள் கணவனைத் தவிர யார் உண்டு?

இலக்கியமாவது அறிந்ததா? 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, 'வீடற்றவ'னில் சங்கம் அமைக்கப் போய்த் தோட்டத்தை இழந்த தொழிலாளியைக் காட்டினார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும், 1964 ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்ததும் மலையக எழுத்தில் ஆழப் பதிந்துள்ளன. அது அவசியமான இலக்கியம். ஆயினும் காரணம் தெரிந்த துயரத்தை எழுதிய அளவுக்கு, காரணம் நீங்கிய பின்னும் அகலாத துயரத்தை நாம் எழுதவில்லை. இதற்கு முற்போக்கு விமர்சனமும் பொறுப்பு. சோர்வு என்ற சொல்லைக் கண்டதுமே நசிவு இலக்கியம் என்று முத்திரை குத்தினோம். கூலி உயர்ந்தால் மனமும் உயரும் என்றோம். கூலி உயரத்தான் வேண்டும். கூலி உயர்ந்த மறுநாளும் அந்தப் பெண் எழாமல் கிடந்தால், பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வான்?

அவன் தேநீர் கொடுத்துப் பார்ப்பான், குடிக்கமாட்டாள். ஏசுவான்; பிறகு தானே வருந்துவான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பத்துத் தடவை சொல்லி, பதினோராம் தடவை அவளை எழுப்பி அழைத்துப் போவான். குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுவான். கங்காணி கேட்டால் காய்ச்சல் என்பான். தமிழ் எழுத்துக்களில் லெனார்ட் மறைத்ததை அவன் அந்த ஒரு சொல்லில் மறைக்கிறான். ரேசியாவுக்கு நிகரான அந்தக் கணவனை நம் நாவலில் இன்னும் சரியாகச் சந்திக்கவில்லை.