சரமையின் குட்டி

ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ படித்து வளர்ந்த மல்லேஸ்வரத்து வாசகர் ஒருவர் மகாபாரத ஆதிபருவத்தின் முழு மொழிபெயர்ப்பைப் பிரித்தால், முதலில் தலை சுற்றும். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படித்த ராஜாஜி, பிள்ளையார் எழுத உட்காருவதில் கதையைத் தொடங்கிவிடுவார். மூலம் அவ்வளவு தாராளம் காட்டாது. பூனா பண்டார்கர் நிறுவனத்துக்காக சுக்தங்கர் பதிப்பித்த ஆதிபருவத்தில் (1933) பிள்ளையாரே பின்னிணைப்புக்குப் போய்விட்டார்!

நைமிசாரண்யத்தில் சௌனகரின் 12 ஆண்டு வேள்வி. அங்கே வந்து சேரும் சூதர் உக்கிரசிரவஸ், கதை முழுவதையும் எடுத்த எடுப்பிலேயே சுருக்கிச் சொல்லிவிடுகிறார். பாண்டவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் திருதராஷ்டிரன் புலம்பி முடிக்கிறான்.

பிறகு ஒரு நாய்க்குட்டி.

அர்ஜுனனின் கொள்ளுப்பேரன் ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி நடத்துகிறான். பக்கத்தில் வந்த குட்டியை அவன் தம்பிகள் மூவரும் அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறது. தாய் சரமை தேவலோகத்து நாய். முதலில் பிள்ளையைத்தான் விசாரிக்கிறாள். நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய் என்கிறாள். அவியை நக்கவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை என்கிறது குட்டி. எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பேச்சு.

சரமை நேரே வேள்விச்சாலைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்பாராத நேரத்தில் உங்களுக்குப் பயம் வரும் என்று சபித்துவிடுகிறாள். அரசன் அரண்டுபோய், சாபத்தைத் தீர்க்கப் புரோகிதர் தேடிப் புறப்படுகிறான்.