சுடலைமாடன் கதை: பிறப்புப் பகுதி

சுடலைமாடன் கதை திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரங்களில் கோயில் கொடையின்போது வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைப்பாடல். தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் அருகே உள்ள ஆறுமுகமங்கலம் இத்தெய்வத்தின் பெயர்பெற்ற தலங்களில் ஒன்று. பாடுவோருக்கேற்ப நிகழ்ச்சிகள் மாறினாலும் பிறப்புப் பகுதியின் சட்டகம் பெரிதும் மாறுவதில்லை.

பிள்ளை வரம் கேட்ட பார்வதியின் முந்தானையில் விளக்கின் சுடர் தெறித்து விழுகிறது. உருவமற்ற அந்தப் பிண்டத்துக்குச் சிவன் உயிர் கொடுக்கிறார். தாய்ப்பால் குடித்த குழந்தை நள்ளிரவில் எழுந்து சுடுகாட்டுக்குப் போய், எரியும் பிணத்தைத் தின்றுவிட்டு, விடியுமுன் தொட்டிலுக்குத் திரும்பிவிடுகிறது. பிணவாடையால் தாய் அதை அறிந்துகொள்ளும் இடமே கதையின் உச்சம். பலிகள் மிகுந்த பிற்பகுதியைவிட இந்தத் தொட்டில்தான் அச்சமூட்டுகிறது.

1973-ல் மார்வெல் அறிமுகப்படுத்திய 'சன் ஆஃப் சேட்டன்' சித்திரக்கதையின் நாயகன் டெய்மன் ஹெல்ஸ்ட்ராமும் பாதி மனிதன், பாதி பேய். அங்கே தீமை தந்தைவழி இரத்தத்தில் வருகிறது. மகன் தந்தையை எதிர்த்துப் போரிடுகிறான். மாடனின் பெற்றோரோ தெய்வங்கள். அவனிடம் இருப்பது பசி. அதற்காகவே கயிலையில் இடமில்லை என்று பூமிக்கு அனுப்பப்படுகிறான், வரங்களோடு. (அனுப்பியவர்களுக்கும் உறுத்தியிருக்கும் போலும்.) கடைசிவரை அவன் திருந்துவதில்லை. ஊர் அந்தப் பசிக்குப் படையல் போட்டு அவனைக் காவலுக்கு வைத்துக்கொள்கிறது.

நேரம் போதாத கொடைகளில் பிறப்புப் பகுதியைச் சுருக்கிப் பாடுவதுண்டு. அது பெரிய இழப்பு. நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது, தொட்டிலிலிருந்து இறங்கிப்போன அதே குழந்தைதான் போகிறது என்று, பாட்டைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.