ஆமூர்க் களம்: வேட்கையும் தோல்வி அச்சமும்

ஆட்டக்கள வீரரின் உள்ளத்தைத் தொட்ட இலக்கியம் பழந்தமிழில் உண்டா என வினவுவோர் உளர். உண்டு என்பதற்குப் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களே சான்று. சோழ இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரில் மல்லன் ஒருவனை மற்போரில் வீழ்த்தினான். அவனைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களிலும், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் மூன்று பாடல்களிலும் பாடினர். இவற்றை வெற்றிப் புகழ்ச்சி என்று மட்டும் கொள்வது குறையுடைய நோக்காகும். வெற்றி வேட்கையும் தோல்வி அச்சமும் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை இவை காட்டுகின்றன.

முதற்கண் நோக்கத்தக்கது ஒன்று. ஆறு பாடல்களிலும் வீரன் வாய் திறந்து பேசவே இல்லை. அவனைச் சுற்றி நிற்பவர்களே பேசுகின்றனர், அவர்களே நடுங்குகின்றனர். 80ஆம் பாடலில் அவன் ஒரு காலால் மல்லனின் மார்பை அழுத்தி, மறு காலால் அவனது சூழ்ச்சியைத் தடுத்து நிற்கின்றான். பசியால் மூங்கிலை முறிக்க முயலும் யானை அங்கே உவமையாகின்றது. ஆயினும் புலவரின் கண் களத்தில் மட்டும் நிற்கவில்லை. அங்கில்லாத ஒருவனைத் தேடுகின்றது. அவன் வீரனின் தந்தையாகிய தித்தன். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் அவன் இதனைக் காண வேண்டும் என்கின்றார் சாத்தந்தையார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பிணக்கு இருந்ததென்பர். மகன் புற்கை உண்டு வாழ்ந்த எளிய நிலையை 84ஆம் பாடல் சுட்டுகின்றது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், யானையின் பசி உடற்பசி மட்டுமன்று என்பது விளங்கும். தந்தையின் ஒரு பார்வைக்காக ஏங்கும் மகனின் பசியும் அதுவே.

82ஆம் பாடலின் உவமை இன்னும் ஆழமானது. ஊரில் திருவிழா, இல்லத்தில் மனைவிக்குப் பேறுகால வேதனை, வெளியே மழை, பொழுதோ சாய்கின்றது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கை ஊசி எத்துணை விரைவாக ஓடும்! மற்போர் அதனினும் விரைவாக நிகழ்ந்தது என்கின்றார் புலவர். விரைவு ஒன்றே இவ்வுவமையின் பொருள் என்றால், ஓடும் குதிரையையோ பாயும் அம்பையோ சொல்லியிருக்கலாம். நான்கு பக்கமும் நெருக்கடி சூழ்ந்திருக்க, கை மட்டும் பிழையாது இயங்கும் நிலையையே அவர் தேர்ந்தெடுத்தார். உயர்ந்த வீரர் அச்சமற்றவர் அல்லர். அச்சத்தின் நடுவே கைத்திறன் சிதறாதவர் என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

நக்கண்ணையார் காட்டுவது பார்வையாளரின் கலக்கம். 83இல் அவர் தாய்க்கு அஞ்சுகின்றார், அவைக்கு நாணுகின்றார், ஒரு பக்கம் நில்லாத ஊரும் தம்மைப்போல் நடுங்கட்டும் என்கின்றார். 85இல் வீரனுக்கு அது சொந்த ஊரன்று, சொந்த நாடுமன்று. ஆகவே வெற்றி அவனுடையது என்பாரும், அன்று என்பாருமாக ஊர் பிளவுபடுகின்றது. அவரோ பனைமரத்தில் சாய்ந்து நின்று தம் கண்ணால் கண்டதைச் சொல்கின்றார். வேற்றூரில் வாழ்ந்து, பிறர் தீர்ப்புக்கு ஆளாகி, நம் மக்களை முதலிடத்திற்கு உந்தும் நமக்கு இப்பாடலின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

எனினும் இத்தொகுதியில் ஒரு குறை உண்டு. தோற்ற மல்லனின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. 81இல் இவன் கையிற் பட்டோர் இரங்கத்தக்கவர் என்றொரு குரல் எழுந்து அடங்குகின்றது, அவ்வளவே. தோற்றவனை நேர்நின்று நோக்கியவர் வெண்ணிக்குயத்தியார். 66ஆம் பாடலில், வென்ற கரிகாலனிடமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று வினவுகின்றார். வென்றவன் முன்னிலையில் இவ்வாறு கேட்கும் துணிவு போற்றத்தக்கது. ஆயினும் தோல்வியின் நாணத்தை உயிர்கொடுத்தே தீர்க்க வேண்டும் என்னும் அறத்தை நாம் ஏற்பதற்கில்லை.

வள்ளுவர் வேறு வழி காட்டினார். முயலை வீழ்த்திய அம்பினும் யானையைக் குறிவைத்துத் தப்பிய வேலைக் கையில் கொள்வதே இனிது என்பது 772ஆம் குறளின் கருத்து. இங்குத் தோற்றவன் சாகவில்லை. வேலைக் கீழே போடவுமில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நொடியின் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டால் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அவர் ஏந்தியதும் யானை பிழைத்த வேலே. அதனை அவர் எறிந்துவிடவில்லை. 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார்.

மதிப்பெண் பட்டியலையும் பரிசுக் கோப்பையையும் கண்டு மக்களை அளக்கும் பெற்றோர் இவ்விரு நூல்களையும் ஒருசேரப் படித்தல் வேண்டும். தித்தன் அன்று களத்துக்கு வந்தானா என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. நம் மக்களின் களத்தில், வென்றாலும் தோற்றாலும், அந்த இடம் வெற்றிடமாக இருத்தல் ஆகாது.